பெயர் பெறாத உரு: திகில் சிறுகதைகளில் தவிப்பும் அதன் தமிழாக்கமும்

திகில் சிறுகதை என்னும் வகை ஆங்கிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உருப்பெற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் முழு வளர்ச்சியை எய்தியது. இக்கதைகள் படிப்பவரை எவ்வாறு கட்டிப்போடுகின்றன என்ற வினாவிற்குத் திறனாய்வாளர் பெரும்பாலும் கூறும் விடை சூழலைப் பற்றியதாகவே அமைகிறது. இருள், மழை, தனித்த வீடு, அணையும் விளக்கு ஆகியவை பட்டியலிடப்படுகின்றன. இவை யாவும் உண்மையே. ஆயினும் இதே இருளும் மழையும் நகைச்சுவைக் கதையிலும் வரக்கூடும். திகில் கதையை வேறுபடுத்துவது அதன் பொருட்களஞ்சியம் அன்று. வருவது இன்னது எனச் சொல்லாமலே அது வருவதைச் சொல்லிச் செல்லும் மொழியமைப்பு. இம்மொழியமைப்பு ஆங்கிலத்தில் எவ்வாறு இயங்குகிறது, தமிழில் பெயர்க்கப்படும்போது எங்கே சிதைகிறது, எங்கே புதிய வலிமை பெறுகிறது என்பவற்றை மூன்று கதைகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

‘சஸ்பென்ஸ்’ என்ற சொல் தமிழ்ப் பேச்சிலும் இதழ்களிலும் அப்படியே வழங்குகிறது. அதற்கு ஈடாக ஆளப்படும் ‘மர்மம்’ என்பது மறைபொருளைக் குறிக்கிறது. ‘விறுவிறுப்பு’ என்பது வேகத்தைக் குறிக்கிறது. திகில் கதையோ வேகத்தைக் குறைத்தே இவ்விளைவைப் பெறுகிறது. ஆகவே இங்குத் ‘தவிப்பு’ என்னும் சொல் கையாளப்படுகிறது. காத்திருத்தலும் அஞ்சுதலும் ஒருங்கே அமைந்த நிலைக்கு அச்சொல் பொருந்தும் எனலாம்.

தவிப்பும் அதிர்ச்சியும் ஒன்றல்ல. திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் (நூலாக 1966) இவ்வேறுபாட்டை மேசைக்கு அடியில் உள்ள வெடிகுண்டைக் கொண்டு விளக்கினார். முன்னறிவிப்பின்றி வெடித்தால் பார்ப்போர்க்குச் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்னரே காட்டிவிட்டால் பதினைந்து நிமிடத் தவிப்பு. ஆனால் இவ்விளக்கம் திகில் கதைக்கு முழுதும் பொருந்துவதில்லை. மேசைக்கு அடியில் இருப்பது குண்டு என்று பார்ப்போர்க்குத் தெரியும். திகில் கதையில் அடியில் ஏதோ உள்ளது என்பது மட்டுமே தெரியும். தவிப்பு எப்போது என்ற வினாவினால் மட்டுமன்றி, எது என்ற வினாவினாலும் பிறக்கிறது.

கதை எழுதியோர் தம் தொழிலைப் பற்றிக் கூறியுள்ளவை இங்கு ஓரளவே உதவுகின்றன. எட்கர் ஆலன் போ 1842இல் ஹாத்தார்னின் கதைத் தொகுதிக்கு எழுதிய மதிப்புரையில், சிறுகதை ஒரே அமர்வில் படிக்கத்தக்கதாகவும் ஒரே விளைவை நோக்கி ஒவ்வொரு சொல்லும் செலுத்தப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்றார். எம். ஆர். ஜேம்ஸ் 1924இல் ஒரு தொகுப்பிற்கு வரைந்த முன்னுரையில், சூழலும், திறம்பட நடத்தப்படும் படிப்படியான ஏற்றமுமே பேய்க்கதையின் முதன்மையான கூறுகள் என்றார். ஏற்றம் எந்தச் சொற்களால் நிகழ்கிறது என அவர் விளக்கவில்லை. 1970இல் த்ஸ்வெத்தான் தொதோரோவ், விந்தை இலக்கியத்தின் உயிர் படிப்பவரின் தயக்கமே என்று வரையறுத்து, அத்தயக்கத்தைத் தோற்றுவிக்கும் மொழிக்கூறுகளாக ஒருவகை இறந்தகால வினைவடிவையும், ‘போலும்’ என்பது போன்ற ஐயப்பொருள் தரும் தொடர்களையும் சுட்டினார். இலக்கணத்தை நோக்கித் திரும்பிய பார்வை அது. எனினும் அவர் எடுத்துக்கொண்டவை திணைப் பாகுபாட்டை வினைமுற்றிலே காட்டும் மொழிகள் அல்ல.

ஐயக் கிளவி

தமிழ் அத்தகைய மொழி. தமிழில் ஒரு முற்றுத்தொடரை முடிக்க வேண்டுமெனில் எழுவாய் உயர்திணையா அஃறிணையா என்பதைப் படர்க்கை வினைமுற்று பெரும்பாலும் வெளிப்படுத்திவிடும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்னும் நான்கில் ஒன்றை எழுதியே ஆகவேண்டும். ஆங்கில இறந்தகால வினை இவற்றில் எதையும் காட்டுவதில்லை. இந்திய மொழிகளுக்குள்ளும் இதில் வேறுபாடு மிகுதி. வங்காள வினை பால் காட்டுவதில்லை. இந்தி வினை ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டினும் உயர்திணை, அஃறிணை வேறுபாட்டைக் காட்டாது. தமிழுக்கு மிக நெருங்கிய மலையாளமோ இன்றைய வழக்கில் விகுதிகளை இழந்துவிட்டது. கதவைத் தட்டியது யார் அல்லது எது என்பதை மறைக்க மலையாள மொழிபெயர்ப்பாளர் முயல வேண்டியதே இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியிலும் முயல வேண்டியுள்ளது.

இத்தகைய மொழியில் பொருள் இன்னதென்று தெரியாதபோது எவ்வாறு பேசுவது? இவ்வினாவைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே எழுப்பி விடை கூறியிருப்பது நோக்கத்தக்கது. உயர்திணைப் பொருள் என்று தெரிந்து, ஆணா பெண்ணா என்று பால் துணியாதவிடத்துப் பன்மையால் கூறுக என்பது அதன் விதி. திணையே துணியாதவிடத்து ‘உரு’ என்னும் பொதுச் சொல்லால் கூறுக என்பது அடுத்த விதி. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் சூழல், தொலைவில் தோன்றுவது நட்ட கட்டையா ஆண்மகனா என ஐயுறும் ஒருவனின் நிலை. ஐயம் தீர்ந்தபின் அல்லாததை விலக்கும் சொல் எவ்வாறு இயையவேண்டும் என்பதற்கும் தொடர்ந்து விதி உண்டு. நன்னூலும் ஐயப் பொருளைப் பொதுச் சொல்லால் கூறுதலை வழிமொழிகிறது.

மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறைவர் என நான்கைத் தொகுத்துரைக்கிறது. அச்சம் எதனால் பிறக்கிறது என்பதற்கு அது விடை. அச்சம் எவ்வாறு நீள்கிறது என்பதற்கு விடை தேடுவோர், உரையாசிரியர்கள் அமைதியாகக் கட்டையையும் மகனையும் எடுத்துக்காட்டும் இந்தச் சொல்லதிகாரப் பகுதிக்கே வரவேண்டும். ஐயக் கிளவி வழக்கமாக ஒரு நொடியில் தீர்ந்துபோகும். அருகில் சென்றால் கட்டை கட்டையாகிவிடும். திகில் கதை அந்த ஒரு நொடியை இருபது பக்கங்களுக்கு நீட்டுகிறது.

கடற்கரையில் தோன்றிய உரு

எம். ஆர். ஜேம்ஸ் (1862–1936) கேம்பிரிட்ஜிலும் ஈட்டனிலும் கல்விப் பொறுப்புகள் வகித்த அறிஞர். கிறித்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவதற்கென எழுதப்பட்டவை அவர் கதைகளுள் பல. 1904இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியில் உள்ள ‘ஊது, நான் உன்னிடம் வருவேன்’ என்னும் பொருள்பட்ட தலைப்புடைய கதை இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமானது. அத்தலைப்பு ராபர்ட் பர்ன்சின் காதற்பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. பாட்டில் ‘நான்’ என்பவள் ஒரு பெண். கதையில் அந்த ‘நான்’ யார் என்பதே சிக்கல். தன்மை வினைமுற்றுத் திணை பால் காட்டாது என்பதால் இத்தலைப்பின் ஐயம் தமிழில் ஊறின்றி நிற்கிறது.

பார்க்கின்ஸ் என்னும் இளம் பேராசிரியர், பேய் முதலியவற்றை மறுப்பவர், கடற்கரை ஊர் ஒன்றில் விடுமுறையைக் கழிக்கிறார். பழைய கட்டட இடிபாட்டில் உலோக ஊதல் ஒன்றைக் கண்டெடுக்கிறார். அதில் வருபவன் யார் என்ற பொருளில் இலத்தீன் எழுத்துகள் உள்ளன. இலத்தீனில் அவ்வினா ஆண்பாற் சொற்களால் அமைந்தது. அதை ஆங்கிலத்தில் கூறும்போது ஆண்பால் மறைந்து உயர்திணை மட்டும் எஞ்சுகிறது. மொழிபெயர்ப்பிலேயே ஐயம் ஒரு படி மிகுந்துவிடுகிறது. பேராசிரியர் அதைப் படித்து, சற்று யோசித்து, ஊதிப் பார்க்கிறார்.

இதற்கு முன்னரே, அந்திநேரத்தில் விடுதிக்குத் திரும்பும் வழியில் அவர் ஒருமுறை பின்னால் பார்க்கிறார். மணல் அரிப்பைத் தடுக்க நீரை நோக்கி அமைக்கப்பட்ட கரிய மரத்தடுப்புகள் நிறைந்த கடற்கரை அது. தெளிவற்ற ஒருவர் தம்மை எட்டிப்பிடிக்க ஓடிவருவது போலவும், ஆனால் தொலைவு குறையாதது போலவும் தோன்றுகிறது. மரக்கட்டைகளுக்கு இடையே ஆள் போன்ற ஒன்று: உரையாசிரியர்கள் காட்டிய அதே காட்சி, முற்றிலும் வேறொரு நாட்டில், வேறொரு நோக்கத்திற்காக.

இங்கு ஜேம்ஸ் கையாளும் ஆங்கிலச் சொல் ஆளைக் குறிக்கும் சொல்லே. அதனுடன் வரும் இணைப்புப் பெயரும் உயர்திணைக்குரியது. பிறகு, படுக்கையில் கண்ணை மூடியதும் பேராசிரியருக்கு ஒரு காட்சி திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. ஒரு மனிதன் தடுப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் வெளிர் நிறமாக ஏதோ அசைகிறது. அது நெருங்க நெருங்க ஆடை படபடக்கும் உருவாகிறது. ஓடுபவனுக்கு மனிதன் என்னும் சொல் உறுதியாகக் கிடைத்துவிட்டது, துரத்துவதற்குக் கிடைக்கவில்லை. இறுதியில், அறையிலுள்ள ஆளில்லாத இரண்டாம் கட்டிலிலிருந்து நிலவொளியில் எழுவது முற்றிலும் அஃறிணைச் சுட்டால் குறிக்கப்படுகிறது. ஆள், உரு, அது, பின்னர் வெறும் படுக்கைத் துணி என உயர்திணையிலிருந்து படிப்படியாக இறங்கும் சொல்வரிசையே இக்கதையின் ஏற்றம். அறிஞர் பெருமகனார் தம் முன்னுரையில் கூறாது விட்டதை அவர் கதை இவ்வாறு காட்டிவிடுகிறது.

தமிழில் பெயர்ப்பவர் முதற்காட்சியிலேயே ‘ஓர் உருவம் துரத்தியது’ என்று எழுதினால் இவ்வரிசை முறிந்துபோகும். கதை முடியுமிடத்தில் அது தொடங்கிவிடுகிறது. முதற்காட்சிக்குரியது ‘யாரோ ஒருவர்’ என்பதே. வினை பலர்பாலில் அமையலாம். தொல்காப்பியர் பால் ஐயத்திற்கும் திணை ஐயத்திற்கும் தனித்தனி விதி வகுத்தது இங்குப் பயன்படுகிறது: முதலில் பால் ஐயம், பின்னர்த் திணை ஐயம்.

இக்கதையில் இன்னொரு சிக்கல் தொடரின் கிடக்கை முறையால் வருகிறது. ஆங்கிலத்தில் பெயர் முன்னும் அதை விளக்கும் தொடர் பின்னும் நிற்கலாம். முகம் ஒன்று கண்டதாகக் கூறி, அது எதனால் ஆனது என்பதைக் கடைசியில் வைக்கலாம். தமிழில் அடை முன்னே வரும். ‘கசங்கிய துணியாலான முகத்தைக் கண்டார்’ என்று ஒரே தொடரில் அமைத்தால் முகம் என்னும் சொல் வருமுன்னரே துணி வந்துவிடுகிறது. கண்டவர் அஞ்சுமுன் படிப்பவர் அறிந்துவிடுகிறார். இரண்டு தொடராகப் பிரித்தல் இங்கு உரிமை எடுத்துக்கொள்வது ஆகாது, கடமையே ஆகும். ‘ஒரு முகம் தெரிந்தது. அது கசங்கிய துணி’ என்பது போன்ற அமைப்பு மூலத்தின் ஒழுங்கைக் காக்கிறது.

பித்தனின் அடுக்குத்தொடர்

போவின் (1809–1849) ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ 1843 சனவரியில் வெளிவந்தது. இக்கதையில் பெயர் தெரியாத உரு இல்லை. முதியவர் ஒருவரைக் கொன்றதைத் தொடக்கத்திலேயே கதைசொல்லி ஒப்புக்கொள்கிறான். ஆகவே தவிப்பு வேறு வழியில் கட்டப்படுகிறது: காலத்தை நீட்டுவதன் மூலம். ஏழு இரவுகள் அவன் நள்ளிரவில் கதவைத் திறக்கிறான். தலையை உள்ளே நுழைக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. எட்டாம் இரவு முதியவர் விழித்துவிட, இருவரும் ஒரு மணி நேரம் இருளில் அசையாதிருக்கின்றனர்.

இந்நீட்சியை அவன் வினையடைகளை இரட்டித்துச் சொல்வதன் மூலமும், இடைக்கோடுகளால் மூச்சைத் தடுத்து நிறுத்துவதன் மூலமும் நிகழ்த்துகிறான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை இரட்டித்துக் கூறுவது இயல்பான நடை அன்று; அங்கு அது மனநோயின் அடையாளமாகிறது. தமிழில் ‘மெல்ல மெல்ல’, ‘மெதுமெதுவாக’ என்பவை குழந்தைகளும் பேசும் தொடர்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பித்தன் தெளிந்த மனிதனாகிவிடுகிறான். மூன்றாம் முறையும் அடுக்குதல், அல்லது தொடர் முடிந்து நின்றபின் அதே அடையைத் தனித்து மீண்டும் வைத்தல் போன்ற, வழக்கிலிருந்து சற்றே பிறழ்ந்த அமைப்பே இங்கு வேண்டப்படுவது.

முதியவரைச் சுட்டுவதிலும் கவனம் தேவை. அவருக்கும் கதைசொல்லிக்கும் உள்ள உறவு கதை முழுவதும் சொல்லப்படுவதே இல்லை. தந்தையா, வீட்டுத் தலைவரா என்பது தெரியாது. அவரிடம் அன்பு கொண்டிருந்ததாக மட்டும் கொலைகாரன் கூறுகிறான். தமிழில் ‘கிழவன்’ என்று தொடங்கினால் அன்பு பொய்யாகிவிடும். ‘பெரியவர்’ என்று தொடங்கி, அதே மரியாதைப் பன்மையைக் கொலை நிகழும் வரியிலும் விடாது கையாள்வதே உரிய முறை. மரியாதை குறையாமல் கொல்லுதல் கதையின் கொடுமையை மிகுவிக்கிறது. ஆங்கிலத்திற்கு இக்கருவி இல்லை.

கேட்டல் வினையிலும் தமிழுக்கு ஒரு வளம் உண்டு. ‘கேட்டேன்’ என்பதில் கேட்பவன் செயல் செய்கிறான். ‘எனக்குக் கேட்டது’ என்பதில் ஓசையே அவனிடம் வருகிறது. தன் செவிப்புலனின் கூர்மையைப் பெருமையாகப் பேசும் தொடக்கப் பகுதிக்கு முன்னது பொருந்தும். காவலர் எதிரில் அமர்ந்திருக்க, தரைப்பலகைக்கு அடியிலிருந்து துடிப்பு எழுவதாக அவன் உணரும் இறுதிப் பகுதிக்குப் பின்னதே பொருந்தும். எங்கே மாறுவது என்பதைத் தேர்வது மொழிபெயர்ப்பாளரின் நுண்ணுணர்வைப் பொறுத்தது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் (1943) எதையும் காணுமுன்னரே இரவில் ஒரு வாடை எழுவதும் இதே இலக்கண வாயில் வழியாகத்தான். நுகர்பவன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்க, வாடை எழுவாயாகிறது.

கதவுக்கு வெளியே

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் (1863–1943) தம் காலத்தில் துறைமுக மாந்தரைப் பற்றிய நகைச்சுவைக் கதைகளுக்காகவே அறியப்பட்டவர். 1902இல் வெளிவந்த ‘குரங்குப் பாதம்’ அவருடைய மற்றக் கதைகள் அனைத்தையும் மறைத்துவிட்டது.

இருபத்தோரு ஆண்டுகள் இந்தியாவில் இருந்து திரும்பிய மோரிஸ் என்னும் படைவீரர், வைட் குடும்பத்தாரிடம் உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்றைக் காட்டுகிறார். முதிய பக்கிரி ஒருவர் அதற்கு மந்திரம் ஏற்றியதாகவும், மூவர் தலைக்கு மூன்று வரம் பெறலாம் என்றும் சொல்கிறார். 1902இன் ஆங்கில வாசகர்க்கு இந்தியா என்னும் தொலைவே ஐயத்தின் ஒரு பகுதி. தமிழ் வாசகர்க்கோ பக்கிரி தெருவில் கண்ட மனிதர். இத்தொலைவைத் தமிழில் மீட்க இயலாது. ஆனால் இழப்பை ஈடுசெய்யும் கருவி ஒன்று உண்டு. ‘மந்திரித்தாராம்’, ‘மூன்று பேருக்குப் பலிக்குமாம்’ என வினைமுற்றின் பின் நிற்கும் ‘ஆம்’, கேள்வியறிவையும் சொல்பவரின் தயக்கத்தையும் ஒரே அசையில் தருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு முழுத் தொடர் வேண்டும்.

முதியவர் வைட் இருநூறு பவுன் வேண்டுகிறார். மறுநாள் ஓர் ஆள் வாயிற்கதவருகே மூன்று முறை தயங்கி நின்று நான்காம் முறை உள்ளே வருகிறார். மகன் ஹெர்பர்ட் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். நிறுவனம் தரும் உதவித்தொகை இருநூறு பவுன். தொகை சொல்லப்படுமுன் படிப்பவர் அதை அறிந்துவிடுகிறார் என்பதுதான் இப்பகுதியின் தவிப்பு. அடக்கம் நிகழ்ந்த சில நாட்களுக்குப் பின் தாய் வற்புறுத்த, மகன் உயிர்பெற வேண்டும் என்னும் இரண்டாம் வரத்தைத் தந்தை கேட்கிறார். இறந்து பத்து நாளாயிற்று. உடையைக் கொண்டே மகனை அடையாளம் காண முடிந்தது என்பதைத் தந்தை அப்போதுதான் சொல்கிறார். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. மெழுகுவர்த்தி அணைகிறது. தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு இறங்கி வரும் வேளையில் கதவு தட்டப்படுகிறது.

இங்கு ஆங்கில மூலம் தட்டியவரைக் கூறுவதில்லை, தட்டலையே கூறுகிறது. தமிழில் ‘யாரோ தட்டினார்கள்’ என்றால் உயர்திணை துணியப்பட்டுவிடுகிறது; ‘ஏதோ தட்டியது’ என்றால் அஃறிணை துணியப்பட்டுவிடுகிறது. செயப்பாட்டுவினையாகிய ‘தட்டப்பட்டது’ ஆய்வுரைக்கு ஏற்றது; பாதி இரவில் மாடிப்படியில் நிற்பவனுக்கு ஏற்றதன்று. ‘கதவு தட்டும் ஓசை கேட்டது’ என்பதே உரிய வடிவம். இதில் ‘தட்டும்’ என்னும் பெயரெச்சம் திணை பால் காட்டாது; ‘கேட்டது’ ஓசையைக் கொண்டு முடிந்தது. வினைமுற்றுக் கட்டாயத்திலிருந்து தமிழ் தப்பிக்கும் வழி பெயரெச்சமும் வினையெச்சமும் தாம்.

இதன்பின் கணவன் மனைவி இருவரிடையே நிகழும் சில வரிகளே கதையின் உயிர். மனைவி என்ன ஓசை என்று கேட்க, எலி என்று கணவர் பொய் சொல்கிறார். மீண்டும் தட்டல். வந்திருப்பவன் ஹெர்பர்ட் என்று தாய் கதறுகிறாள். அவளைப் பற்றி நிறுத்தும் தந்தை, உள்ளே விடாதே என்று மன்றாடும்போது மகனை அஃறிணைச் சுட்டால் குறிக்கிறார். பெற்ற மகனுக்கே அஞ்சுவதா என்று தாய் கேட்கிறாள். கதவுக்கு வெளியே நிற்பது மகனா அன்றா என்பது பற்றிய வழக்கு முழுவதும் ஒரு சுட்டுப்பெயரில் நடைபெறுகிறது. இன்னும் கூர்ந்து நோக்கினால், தாய் ஹெர்பர்ட் என்று அடையாளம் கூறும் தொடரும் ஆங்கிலத்தில் ‘இட்’ என்றே தொடங்குகிறது. ஆளை அடையாளம் காட்டும் தொடரில் அச்சொல் வெற்று எழுவாய்; எவரையும் இழிப்பதன்று. எலியைக் குறித்ததும் அச்சொல்லே. தாயின் வாயில் வெற்றெழுவாயாக இருந்த அதே சொல், தந்தையின் வாயில் மகன் என்னும் உரிமையைப் பறிக்கும் சொல்லாகிறது.

தமிழில் பொதுவாக எழுதப்படக்கூடிய வடிவம், தாய்க்கு ‘ஹெர்பர்ட் வந்துவிட்டான்’ என்பதும் தந்தைக்கு ‘அதை உள்ளே விடாதே’ என்பதும் ஆகும். பொருள் சரியே. ஆயினும் ஒரு சொல் இருவர் வாயில் இரு பொருள்படுவது என்னும் நுட்பம் போய், இரண்டு கட்சிகளின் முழக்கங்கள் எஞ்சுகின்றன. தந்தையின் தொடரில் செயப்படுபொருளையே விட்டுவிட்டு ‘உள்ளே விட்டுவிடாதே’ என்று அமைக்கலாமா என்பதும் எண்ணத்தக்கது. இது தமிழ் வழக்கிற்கு அயலானது அன்று. இறப்பு நிகழ்ந்த வீட்டில் ‘எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?’ என்றுதான் கேட்கிறோம் அன்றி, எதை அல்லது யாரை என்று எவரும் சொல்வதில்லை. இறந்தவரை அவர் என்பதா அது என்பதா என்னும் இடர்ப்பாட்டைத் தமிழ் வழக்கு மௌனத்தால் கடந்துவிடுகிறது. எனினும் இவ்விடத்தில் தந்தை மௌனம் காக்கவில்லை, அவர் துணிந்துவிட்டார். எலி என்று பொய் சொன்ன இடம் வரை செயப்படுபொருளையும் எழுவாயையும் மறைத்துச் சென்று, மன்றாடும் இடத்தில் மட்டும் அஃறிணையை வெளிப்படுத்துவதே மூலத்திற்கு நேர்மையாகும்.

வெற்றெழுவாய்க்கு ஈடான ஒன்று தமிழில் இல்லை எனக் கருதுவது எளிது. ஆனால் உண்டு. ‘அங்கே நிற்பது யார்?’ என்று தமிழர் இயல்பாகக் கேட்கின்றனர். நிற்பவர் மனிதரே என்று தெரிந்தும், அடையாளம் வினவும் தொடரில் ‘நிற்பது’ என்னும் அஃறிணை வடிவே வருகிறது. இதில் இழிவு சிறிதும் இல்லை. ‘நிற்பது என் மகன்’ என்று விடையும் கூறலாம். அதே ‘நிற்பது’ இரண்டாம் வேற்றுமை ஏற்று வேறு தொடரில் வரும்போது நிற்கின்ற அஃறிணைப் பொருள் என்றாகிறது. ஆகவே தாய், ‘வெளியே நிற்பது நம் ஹெர்பர்ட்!’ என்றும், தந்தை, ‘வெளியே நிற்பதை உள்ளே விடாதே!’ என்றும் கூறுமாறு அமைத்தால், ஒரே சொல் ஓர் ஐகார உருபு ஏற்ற அளவில் மகனைப் பொருளாக்கிவிடுகிறது. மூலத்தின் நுட்பம் முழுமையாகவே தமிழில் கிட்டுகிறது. அடுத்து ஆசிரியர் கூற்றாக, வெளியே உள்ள அது நுழைவதற்குள் பாதத்தைக் கண்டெடுக்கத் தந்தை தரையில் தேடும் இடத்திலும் ‘வெளியே நிற்பது’ என்னும் வடிவையே தொடரலாம். ஆசிரியர் இப்போது தந்தையின் பக்கம் நிற்கிறார் என்பதை ஆங்கிலம் காட்டுவது போலவே தமிழும் காட்டும்.

இத்தகைய இடங்களில் தமிழாக்கங்களிலும் சுருக்கங்களிலும் காணப்படும் பழக்கம் ஒன்று குறிப்பிடத்தக்கது. ‘திடீரென்று’, ‘பயங்கரமான’, ‘இரத்தத்தை உறைய வைக்கும்’ என்னும் அடைகள் மூலத்தில் இல்லாத இடங்களிலும் சேர்க்கப்படுகின்றன. வியப்புக்குறிகளும் புள்ளிகளும் பெருகுகின்றன. வினைமுற்றில் ஐயம் கசிந்துபோனதை அடைகளால் அடைக்க முனைவதே இது எனலாம். ஜேக்கப்சின் இறுதிக் காட்சியில் முதல் தட்டல் காதில் விழாத அளவிற்கு மென்மையானது; அதைப் பயங்கரமான ஓசையாக்கினால் பின்வரும் தட்டல்களுக்கு வளர இடமே இல்லை.

தாய் மேல்தாழ் எட்டாமல் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். தாழ் விலகும் ஓசை கேட்கும் அந்நொடியில் தந்தைக்குப் பாதம் அகப்படுகிறது. அவர் மூன்றாம் வரத்தைக் கேட்கிறார். என்ன கேட்டார் என்று ஆசிரியர் சொல்லவில்லை; மொழிபெயர்ப்பாளரும் சொல்லலாகாது. தட்டல் நிற்கிறது. கதவு திறக்கப்பட, குளிர்காற்று படியேறி வருகிறது. தாயின் நெடிய ஓலம் கேட்கிறது. தந்தை ஓடிச்சென்று பார்க்கும்போது எதிர்ப்புறத் தெருவிளக்கின் ஒளியில் சாலை அமைதியாகக் கிடக்கிறது. அங்கே யாரும் இல்லை என்று தமிழில் எழுதினால், வந்திருந்தவன் மகன் என்று தாயின் பக்கம் தீர்ப்பளித்தது ஆகும். எதுவும் இல்லை என்று எழுதினால் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது ஆகும். ஜேக்கப்ஸ் இரண்டையும் சொல்லவில்லை. ‘தெரு வெறிச்சோடிக் கிடந்தது’ என்பதில் இல்லாதது யார் என்றோ எது என்றோ இல்லை.